ஹோஸ்டிங்: விலையா, வாடிக்கையாளர் உதவியா?

தொழில்நுட்பம் அறிந்தவர்கள் விலையை மட்டும் பார்த்தால் போதும், அறியாதவர்களே வாடிக்கையாளர் உதவிக்காகக் கூடுதலாகச் செலவிட வேண்டும் என்ற யோசனை வெப் ஹோஸ்டிங் (இணையதளத்தை வாடகை சர்வரில் வைத்து நடத்தும் சேவை) குறித்து அடிக்கடி சொல்லப்படுகிறது. ஷேர்டு ஹோஸ்டிங்குக்கு இது பொருந்தாது என்பது என் எண்ணம். ஒரே சர்வரைப் பல தளங்கள் பகிர்ந்துகொள்ளும் அந்த ஏற்பாட்டில் ரூட் அனுமதி, அதாவது சர்வரின் முழுக் கட்டுப்பாடு, நம்மிடம் இருப்பதில்லை. தளத்தின் தரவுகளை வைத்திருக்கும் மைஎஸ்க்யூஎல் மென்பொருள் நின்றுபோனாலும், அதே ஐபி முகவரியிலிருந்து வேறு யாரோ ஸ்பேம் அனுப்பியதால் நம்முடைய மின்னஞ்சல்கள் திருப்பி அனுப்பப்பட்டாலும், காரணத்தைத் துல்லியமாகக் கண்டறிந்தவர்கூட உதவிக் குழுவிடம் டிக்கெட் (புகார்) எழுப்பிவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும். சொந்தமாக விபிஎஸ் (ரூட் அனுமதியோடு தனக்கென ஒதுக்கப்பட்ட மெய்நிகர் சர்வர்) நடத்தத் தெரிந்தவருக்கே உதவிக் குழுவின் தேவை உண்மையில் குறைவு.

ஆகவே உதவி மிக அதிகமாகத் தேவைப்படுவது மிக மலிவான திட்டமான ஷேர்டு ஹோஸ்டிங்கில்தான். அதைத் தருவதற்கான பணம் மிகக் குறைவாக இருப்பதும் அங்கேதான். மாதம் நூறு ரூபாய் கட்டும் வாடிக்கையாளருக்காக அனுபவமுள்ள ஒரு பொறியாளர் அரை மணி நேரம் செலவிட்டால், அந்த மாதத்து வருமானம் அதிலேயே கரைந்துவிடும். அதனால்தான் சாட்டில் வருபவர் முதலில் "கேஷை (பிரவுசரில் தங்கிய தற்காலிகக் கோப்புகளை) அழித்துப் பாருங்கள்" என்கிறார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

விலை என்று நாம் பார்க்கும் எண்ணும் முழு விலை அன்று. விளம்பரத்தில் தெரியும் மாதக் கட்டணம் பெரும்பாலும் மூன்று, நான்கு ஆண்டுகளுக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் மட்டுமே கிடைப்பது. புதுப்பிக்கும்போது அது இரண்டு, மூன்று மடங்காகலாம். இந்தியாவில் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். எனவே புதுப்பித்தல் விலையை வைத்து ஒப்பிடுவதே முறை. 99.9 சதவீத அப்டைம் (தளம் இயங்கும் நேரம்) உத்தரவாதத்தின்படியே கணக்கிட்டாலும் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் தளம் முடங்கலாம். அதை மீறினால் கிடைக்கும் இழப்பீடு பெரும்பாலும் கட்டணத்தில் ஒரு சிறு கழிவுதான்.

எவ்வளவு பணம் கொடுத்தாலும் உதவிக் குழுவிடம் ஒப்படைக்கக் கூடாதது பேக்கப். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச்கிளவுட் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, பேக்கப் சேவைக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்த சிலரின் பிரதிகளும் அதே வளாகத்திலேயே இருந்து அழிந்தன. வேறு நிறுவனத்தில் ஒரு பிரதி வைத்திருப்பதற்கும், டொமைனை (தளத்தின் பெயர் முகவரியை) ஹோஸ்டிங் நிறுவனத்திடம் அல்லாமல் தனியாகப் பதிவு செய்வதற்கும் ஆகும் செலவு சொற்பம். இவ்விரண்டும் நம் கையில் இருந்தால், உதவி மோசமான இடத்திலிருந்து ஓரிரு நாளில் வெளியேறிவிடலாம். அந்த அளவுக்கு மலிவு விலையின் ஆபத்தும் குறைகிறது.

கடை, பள்ளி போன்றவற்றின் தளமாக இருந்து, மின்னஞ்சலும் அதே சர்வரில் ஓடுமானால், நான் விலையைப் பின்னுக்குத் தள்ளிவிடுவேன். "இருபத்து நான்கு மணி நேர உதவி" என்ற வாசகத்தை நம்பாமல், பணம் கட்டுவதற்கு முன் ஒரு ஞாயிறு இரவில், விற்பனைப் பிரிவுக்கு அல்லாமல் தொழில்நுட்பப் பிரிவுக்கே, ஐநோடு வரம்பு (வைத்துக்கொள்ளக்கூடிய கோப்புகளின் எண்ணிக்கை) எவ்வளவு, பேக்கப்பிலிருந்து மீட்டுத் தரக் கட்டணம் உண்டா என்று எழுதிக் கேட்கலாம். எண்ணோடு பதில் வந்தால் ஒரு மாதத் திட்டத்தில் தொடங்கலாம்; திட்டங்களின் பட்டியலுக்கான இணைப்பு மட்டும் வந்தால் அடுத்த நிறுவனத்தைப் பார்க்கலாம்.