பிறவுணியும் தும்புத்தடியும்

நாய்ப் பயிற்சிக்கு முன்பணமாகக் கட்டிய ஆறு வகுப்புகளில் நான்குக்குரிய பணம் இன்னும் என் கைக்குத் திரும்பவில்லை. அந்தக் கோபத்தில்தான் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை; அடிபட்ட நாயொன்றை வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டு விழித்துக்கொண்டிருப்பவர்கள், நான் வீணாக்கிய வாரங்களையாவது வீணாக்காமல் இருக்கட்டும்.

எங்கள் நாய் பிறவுணியைக் கார்த்திகை மழையில் மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்துக்கருகில் கண்டெடுத்தோம். உண்ணி எடுத்தது, பூச்சிமருந்து கொடுத்தது, விசர்நாய்க்கடித் தடுப்பூசி, கருத்தடைச் சத்திரசிகிச்சை எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. சிக்கல் தும்புத்தடியில் இருந்தது. வீடு கூட்டுவதற்கு அம்மா அதைக் கையில் எடுத்தாலே நாய் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் ஓடி, வயிறு நிலத்தில் பட ஒடுங்கிவிடும். எவரோ தடியால் அடித்துப் பழகியிருக்கிறார்கள் என்று ஊகிக்க மிருக வைத்தியர் தேவைப்படவில்லை.

நகருக்கு வெளியே அல்சேசன் நாய்களைப் பழக்கும் ஒருவரிடம் கொண்டுபோகச் சொன்னார்கள், கொண்டுபோனேன். இழுத்தால் இறுகும் சங்கிலியைக் கழுத்தில் மாட்டி, அது உறுமும்போதெல்லாம் சுண்டி இழுத்தார். இரண்டாவது வகுப்பில் பிறவுணி உறுமவில்லை. நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு அசையாமல் நின்றது. “பார்த்தீங்களா தங்கச்சி, அடங்கிட்டுது” என்றார். நானும் நம்பினேன் என்பதுதான் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உறுமல் என்பது, “கிட்ட வராதே” என்று நாய் முன்கூட்டியே சொல்லும் சொல். உள்ளேயிருக்கும் பயத்தை அப்படியே விட்டுவிட்டு அந்தச் சொல்லை மட்டும் அடித்து நிறுத்தினால், அடுத்த தடவை அது சொல்லாமலே கடிக்கக்கூடும். மூன்றாம் நாள் தம்பி தும்புத்தடியோடு அதைக் கடந்து போனபோது அதுதான் நடந்தது. காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு (நாய் கடித்தால் முதலில் செய்ய வேண்டியது இது, மஞ்சள், சுண்ணாம்பு எதையும் பூசாதீர்கள்) வைத்தியசாலைக்கு ஓடினால், நாயின் தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டார்கள். அட்டையோ, பதிவுக்கு வேண்டுமென்று வாங்கி வைத்த அந்தப் பயிற்றுநரிடம் இருந்தது. மறுநாள் பேருந்தேறிப் போனேன். படலை பூட்டிக் கிடந்தது. அதற்கடுத்த நாளும் போய்த்தான் அட்டையை மீட்டேன். பணத்தைப் பற்றிக் கேட்டபோது, போனில் பேசுவோம் என்றார். அட்டையைக் கைவிட்டு எவரிடமும் கொடுக்காதீர்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்து வையுங்கள்.

சங்கிலியைக் கழற்றி எறிந்துவிட்டு, கழுத்தை நெரிக்காத மார்புப்பட்டி ஒன்றை வாங்கினேன். தடுப்பூசி போட்ட மிருக வைத்தியரிடம் நடந்ததைச் சொன்னபோது, முதலில் பத்து நாட்களுக்கு ஒன்றுமே செய்யாமல் இருக்கச் சொன்னார். ஒன்றும் செய்யாமல் இருப்பது எத்தனை கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நேருக்கு நேர் பார்க்காமல், பக்கவாட்டில் குந்தியிருந்து, நாயை என் பக்கம் அழைக்காமல் சாப்பாட்டை அதன் பக்கம் எறிந்துவிட்டு எழும்பிப் போவேன். ஆறாம் நாள் அது தானாக வந்து என் முழங்கையை மணந்து பார்த்தது. தலையைத் தடவக் கை துடித்தது; தடவவில்லை.

பிறகு தும்புத்தடியை முற்றத்தின் மறுகரையில், ஏறத்தாழ இருபது அடி தள்ளி, நிலத்தில் கிடத்தினேன். உப்பிடாமல் அவித்து முள்ளெடுத்த சூடை மீன் கையில் இருந்தது. இங்கேயும் ஒரு வாரம் பிழைவிட்டேன்: மீனைக் காட்டி அழைத்து, அது வந்த பிறகு தம்பியிடம் தும்புத்தடியைக் கொண்டுவந்து வைக்கச் சொன்னேன். நான்காம் நாளிலிருந்து அது மீனைக் கண்டாலே ஓடத் தொடங்கியது. மீன் வந்தால் தடி வரும் என்று படித்துவிட்டது, பாவம். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். முதலில் தும்புத்தடி கண்ணில் பட வேண்டும், அதன் பிறகே மீன் வர வேண்டும். தடி மறைந்ததும் மீனும் நிற்க வேண்டும். அப்போதுதான் தடி நல்ல சேதியாக மாறும்.

தூரத்தை நாய்தான் தீர்மானிக்க வேண்டும். நாக்கால் மூக்கை நக்குவது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, பின்னங்கால்களில் பாரத்தைப் போட்டு நிற்பது ஆகியவற்றைக் கண்டால் அன்றைக்குப் போதும். மீனையே மறுத்தால் மிக நெருங்கிவிட்டீர்கள். பதினைந்து அடியில் ஒன்பது நாட்கள் நின்றோம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுப் பெரியம்மா, “என்னகா மகள், நாய்க்கும் தும்புத்தடிக்கும் கலியாணமா பேசுறாய்?” என்று கேட்டார். ஏறக்குறைய அப்படித்தான்.

ஐந்தடிக்கு வந்த நேரத்தில் சித்திரைப் புத்தாண்டு வெடிகள் எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுபோயின. பயந்த நாயை அணைத்தால் பயம் கூடும் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல, அதுவாக வந்து ஒண்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளலாம். வெடி தொடங்குவதற்கு முன்பே உள்ளறையில் விட்டு, யன்னலைச் சாத்தி, மின்விசிறியைச் சத்தமாகச் சுழலவிட்டிருக்க வேண்டும். எனக்கு அது பிந்தித்தான் தோன்றியது. மறுபடி இருபது அடியில் தொடங்கினேன், ஆனால் இந்தத் தடவை இரண்டு வாரத்தில் ஐந்தடிக்கு வந்துவிட்டோம்.

நேற்றுக் காலை அம்மா குசினியைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசற்படியில் படுத்திருந்த பிறவுணி ஒரு கண்ணை மட்டும் திறந்து, தும்புத்தடியைப் பார்த்து, மீன் வருமா என்று என்னையும் பார்த்தது. “எழும்பன் நாயே, குப்பை தள்ளணும்” என்று அம்மா ஏசினார். அது வாலை ஆட்டியதே தவிர எழும்பவில்லை.

மடக்கிய குடை என்றால் இன்னும் ஓட்டம்தான். அதை இன்றைக்கு முற்றத்தின் மறுகரையில் கிடத்தியிருக்கிறேன்.