கறைக்கு உள்ளே இருக்கும் பல்

தருமபுரியில் பல் மருத்துவராக வேலை பார்க்க வந்தால் முதலில் கண்ணுக்குப் பழக வேண்டியது பழுப்புக் கறை. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருடைய பல்லிலும், அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற தாதுவின் தடம் இருக்கும். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கி காவிரித் தண்ணீர் வந்தது. ஆனால் முன்பற்களின் எனாமல், அதாவது பல்லின் கெட்டியான மேலுறை, சின்ன வயதிலேயே உருவாகி முடிந்துவிடும். அப்போது விழுந்த கறை, பின்னால் எவ்வளவு நல்ல தண்ணீர் குடித்தாலும் போகாது.

இதனால் கறையைச் சொத்தை என்று பயப்படுகிறவர்களும் உண்டு, சொத்தையைக் கறை என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. எக்ஸ்ரே இல்லாமல் இந்த ஊரில் வைத்தியம் பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

தக்காளி பயிர் செய்கிற ஓர் அம்மா மருமகளோடு வந்திருந்தார். "டாக்டரம்மா, முன்னாடி இருக்கிற கறுப்புப் பல்லு நாலையும் பிடுங்கிடுங்க, காது வரைக்கும் வலி இழுக்குது" என்றார். வாய்க்குள் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லாக மெதுவாகத் தட்டினேன். முன்பற்களில் ஒன்றும் இல்லை. கீழ்க் கடவாய்ப்பல்லைத் தொட்டதும் துள்ளிவிட்டார். வெளியே பார்த்தால் அது வெள்ளையாக, நன்றாகத்தான் இருந்தது.

எக்ஸ்ரே சென்சாரை வாய்க்குள் வைத்துப் படம் எடுத்ததும் திரையில் எல்லாம் தெரிந்தது. கெட்டியான எனாமலும் எலும்பும் வெளுப்பாகத் தெரியும், அரித்த இடம் கறுப்பாகத் தெரியும். பக்கத்துப் பல்லோடு ஒட்டியிருக்கும் இடத்தில் தொடங்கிய சொத்தை நரம்பு வரை இறங்கியிருந்தது. வேர் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கரிய நிழல். அங்கே எலும்பு கரைந்திருந்தது. முன்பற்களின் வேர்கள் திடமாக இருந்தன. அந்த அம்மா திரையையே பார்த்துவிட்டு, "அப்போ கறுப்பா இருக்கிறது நல்ல பல்லு, வெள்ளையா இருக்கிறதுதான் கெட்டதா?" என்று கேட்டார். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

கெட்டுப்போன நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால் செய்தோம். ஊசியை வேருக்குள் விட்டு நடுவில் ஒரு படம்: நுனிக்கு முன்பே நின்றால் கிருமி தங்கிவிடும், தாண்டினால் வலி. அடைத்த பிறகு இன்னொன்று. சில மாதம் கழித்து எடுத்த படத்தில் நிழல் சுருங்கியிருந்தது. எலும்பு திரும்ப வளர்கிறது.

கதிர்வீச்சு பற்றிக் கேட்பது நியாயமான கேள்வி. 1896இல் ஜெர்மனியில் ஓட்டோ வால்காஃப் தன் பல்லையே படம் எடுத்தபோது 25 நிமிடம் அசையாமல் இருந்தார். இப்போது ஒரு நொடிகூட ஆகாது. ஒரு சிறு படத்தின் அளவு, இயற்கையாகவே ஒரு நாளில் நம் மேல் படுகிற கதிர்வீச்சுக்குள் அடங்கிவிடும். படம் எடுக்கும்போது நான் அறைக்கு வெளியே போவது, நாள் முழுக்க இதே வேலை செய்வதால். அளவு குறைவு என்பதற்காகத் தேவையில்லாமல் எடுக்கவும் கூடாது. படம் மட்டுமே போதாது என்பதும் உண்மை: எலும்பு கணிசமாகக் கரைந்த பிறகுதான் நிழல் தெரியும், ஆரம்பத்தில் தட்டிப் பார்ப்பதுதான் கைகொடுக்கும்.

இங்கே வைத்தியத்தைத் தொடங்கிவிட்டு ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போகிறவர்கள் நிறைய. போகும்போது உங்கள் படத்தை போனில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த மருத்துவர் பழைய நிழலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்.