நாலு ரோல், மூணு சொதப்பல்: வீட்லயே ஃபிலிம் கழுவுன கதை

ஜனவரில ஆரம்பிச்சது, இப்போதான் நாலாவது ரோல் முடிஞ்சிருக்கு. மாமா வீட்டு பரண்ல கெடந்த பென்டாக்ஸ் கே1000 கேமரா, ஃபிலிம் இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ், படத்த வரவைக்கிற கெமிக்கல், அதாவது டெவலப்பர், கோடக் டி-76, டார்க் ரூமுக்கு பதிலா கை விட்டு வேலை பாக்குற, வெளிச்சம் புகாத சேஞ்சிங் பேக். நாலுல உருப்படியா வந்தது ஒண்ணே ஒண்ணு, மத்த மூணும் என் பரபரப்புக்கு பலியாச்சு.

முதல் ரோல் காசிமேடு. விடியக்காலை மீன் ஏலம், வெளிச்சம் வந்துட்டே இருக்கு, நானோ நின்ன இடத்துலயே ஃபிலிம திணிச்சு மூடிட்டு ஓடினேன். கவுன்ட்டர் 36 தாண்டி 38 வரைக்கும் போச்சு, அப்பவாவது சந்தேகம் வந்திருக்கணும். கழுவிப் பாத்தா ஃபிலிம் கண்ணாடி மாதிரி இருக்கு. ஆனா கம்பெனியிலயே ஓரத்துல பதிச்ச பேரும் நம்பரும் மட்டும் பளிச்சுனு வந்திருக்கு, அப்போ டெவலப்பர் அதோட வேலைய சரியாத்தான் பாத்திருக்கு, கேமராக்குள்ள ஃபிலிம் நகரவே இல்ல. லீவர் இழுக்கும்போது இடப்பக்கம் ரீவைண்ட் நாப் கூடவே சுத்துதான்னு ரெண்டு செகண்ட் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

ரெண்டாவதுதான் இன்னும் வலிக்குது. மயிலாப்பூர் அறுபத்துமூவர். வெயில்ல நாள் முழுக்க நின்னு, நைட்டு வீட்டுக்கு வந்து, குளிக்காம கூட உடனே கழுவணும்னு உக்காந்தேன். ஃபிலிம ஒரு ரீல்ல சுத்தி, மூடி போட்ட டேங்க்ல வச்சுதான் கழுவணும். டேங்க் நடுவுல ஒரு கறுப்பு குழாய் இருக்கும், ரீல் அதுல மாட்டி நிக்கும். அது இருந்தாதான் மூடியோட சேந்து வெளிச்சத்த தடுக்கும், இல்லேன்னா கெமிக்கல் ஊத்துற ஓட்டை வழியா வெளிச்சம் நேரா ஃபிலிம் மேல போயிடும். கெமிக்கல் ஊத்தி கழுவி எல்லாம் முடிச்சுட்டு சேஞ்சிங் பேக்க உதறுனேன், டொக்குனு அந்த குழாய் தரையில விழுந்துச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு, ஆனாலும் ஒரு நப்பாசையில டேங்க தொறந்து பாத்தேன். முழு நெகட்டிவும் கரி.

மூணாவது ரோல் வியர்வை. பேக்குக்குள்ள கை அஞ்சு நிமிஷம் இருந்தாலே உள்ள ஆவி கட்டிக்கும், ஈரம் பட்டா பிளாஸ்டிக் ரீல்ல ஃபிலிம் ஒட்டிக்கிட்டு நகராது. நான் தள்ளுனேன், மறுபடி தள்ளுனேன், உள்ள மடங்குன சத்தம் கூட கேட்டுச்சு. பத்து ஃப்ரேம்ல பிறை மாதிரி தழும்பு, ஒண்ணோட ஒண்ணு ஒட்டுன இடத்துல டெவலப்பரே படல.

அப்புறம் ஒரு மாசம் ஃபிலிமே வாங்கல. வீணாப்போன காசிமேடு ரோல வச்சு டிவி பாத்துக்கிட்டே ரீல்ல ஏத்தி எறக்கி பழகுனேன், முதல்ல பாத்து, அப்புறம் கண்ண மூடி. அம்மா "ஜபமாலை உருட்டுறியாடா?"ன்னு கேட்டாங்க.

நாலாவது ரோல் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில, வேற வேலை எதுவும் வச்சுக்காம. பேக் ஜிப் மூடுறதுக்கு முன்னாடி டேங்க், குழாய், ரீல், மூடி, கத்திரின்னு வாய்விட்டு சொல்லி ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தேன். பாதியில ஃபிலிம் மறுபடி சிக்குச்சு. இந்த தடவ தள்ளல, அப்படியே ரீலோட, குழாயோட டேங்க்ல போட்டு மூடிட்டு கைய வெளிய எடுத்தேன். மூடுன டேங்க்ல ஃபிலிம் எத்தன நேரம் வேணா இருக்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது, இது புரியவே எனக்கு மூணு ரோல் ஆச்சு. ஃபேன்கிட்ட கை காயவச்சு, மோர் குடிச்சுட்டு வந்து மறுபடி பேக்குக்குள்ள கை விட்டேன், ஃபிலிம் ரீல்ல சறுக்கிட்டு போயிடுச்சு.

எங்க பைப் தண்ணி 31 டிகிரி. சூட்டுல டெவலப்பர் வேகமா வேலை பாக்கும்னு முன்னாடி குத்துமதிப்பா நேரத்த குறைச்சு ஓட்டிருவேன். இப்போ பேசின்ல ஐஸ் போட்டு தெர்மாமீட்டர் 20 காட்டுற வரைக்கும் உக்காந்திருந்தேன், முக்கால் மணி நேரம். டி-76 பாதி தண்ணி பாதி, 13 நிமிஷம், நிமிஷத்துக்கு நாலு தடவ கவுத்து நிமித்தி, குமிழி போக டேங்க் அடிய ஒரு தட்டு.

36ல 33 நல்லா வந்திருக்கு. மீதி மூணு ஃபோகஸ் போனது, அது வேற கதை. ஈரத்தோட தொட்டா கீறல் விழும்னு ஷவர் பைப்புல துணி கிளிப் மாட்டி தொங்கவிட்டு கதவ சாத்திட்டேன். "நான் எப்படா குளிக்கிறது?"ன்னு வெளிய அம்மா. மூணு மணி நேரம்மான்னேன், துண்ட தோள்ல போட்டுக்கிட்டு பக்கத்து வீட்டுக்கு போயிட்டாங்க.

அஞ்சாவது ரோல் ஏத்தியாச்சு, 7வது ஃப்ரேம்ல நிக்குது. நாப் சுத்துது.