பிறப்புப் பதிவேட்டில் பிழை திருத்தம்: முதலில் படிவம் 1-ஐப் பாருங்கள்

பிறப்புச் சான்றிதழில் பெயரோ தேதியோ தப்பாக இருந்தால் உடனே விண்ணப்பம் எழுதாதீர்கள். பிழை எந்தத் தாளில் நுழைந்தது என்று முதலில் கண்டுபிடியுங்கள். இனி அலையும் அலைச்சல் எல்லாம் அதைப் பொறுத்ததுதான்.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் விவரத்தை 21 நாளுக்குள் பதிவாளருக்கு அனுப்புவது அந்த மருத்துவமனையின் பொறுப்பு. அனுப்பும் தாள் படிவம் 1. அதைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். பதிவேட்டிலிருந்து சான்றிதழ் வருகிறது. படிவம் 1-இல் சரியாக இருந்து சான்றிதழில் தப்பாக இருந்தால் அது அலுவலகத் தட்டச்சுப் பிழை. படிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லி மனு கொடுத்தால் பெரும்பாலும் எளிதாக முடியும். பழைய கையெழுத்துப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றியபோது வந்த பிழைகள் இந்த வகைதான். மூலப் பதிவேட்டை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

படிவமே தப்பென்றால் மருத்துவமனைக்குத் திரும்பிப் போக வேண்டும். பிரசவப் பதிவேட்டின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, முத்திரையோடு ஒரு கடிதம் மூன்றும் வாங்குங்கள். தேதிப் பிழையில் நாங்கள் அடிக்கடி காண்பது இரண்டு: அட்மிஷன் தேதியைப் பிறந்த தேதியாக எழுதிவிடுவது, நள்ளிரவு 12 தாண்டிப் பிறந்த குழந்தைக்கு முந்தைய நாள் தேதி போடுவது. தேதியைத் திருத்தத்தான் பதிவாளர்கள் மிகவும் தயங்குவார்கள். பிறந்த நேரம் எழுதிய பிரசவப் பதிவேட்டு நகல் இல்லாமல் போவது வீண்.

போக வேண்டிய இடம் குழந்தை பிறந்த ஊரின் பதிவாளர் அலுவலகம். வீடு திருச்சியில், பிரசவம் மதுரையில் என்றால் மதுரைக்குத்தான்.

1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு திருத்தத்துக்கு வழி தருகிறது. மூலப் பதிவை அழிக்கவோ அடித்து எழுதவோ கூடாது. ஓரத்தில் சரியான விவரத்தை எழுதிப் பதிவாளர் தேதியோடு கையெழுத்திட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு மிகத் தேவையானது. எது, எப்போது மாறியது என்று பின்னால் யார் வேண்டுமானாலும் சரிபார்க்க முடிவது இதனால்தான்.

எழுத்துப் பிழைக்குப் பெற்றோரின் பள்ளிச் சான்றிதழும் அடையாள அட்டையும் போதும். பொருளே மாறுகிற திருத்தம் என்றால் விவரம் அறிந்த, நம்பகமான இருவரின் உறுதிமொழி வேண்டும். அதில் எது தப்பு, எது சரி, அது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்ற மூன்றும் இருக்க வேண்டும். "பெயர் தவறாக உள்ளது" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் திரும்பி வரும்.

நம் ஊரில் அதிகம் சிக்குவது இனிஷியலில். ஆதாரில் தகப்பன் பெயர் விரிவாகவும், பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாகவும் இருக்கும். தாயின் பெயர் கர்ப்பகாலத்தில் பிக்மி எண் (கர்ப்பிணிகளைப் பதிவு செய்து அரசு தரும் எண்) போட்டபோது எப்படிக் கொடுக்கப்பட்டதோ அப்படியே பிறப்புப் பதிவுவரை வந்துவிடுவதும் உண்டு. ஆகவே பிழையைத் தவிர்க்க ஏற்ற நேரம் பிரசவத்துக்கு முன்புதான்: பிக்மி விவரத்தைக் கிராம சுகாதார செவிலியரிடம் காட்டச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து ஆதாரோடு ஒப்பிடுங்கள்.

குழந்தையின் பெயரே பதிவாகாமல் இருப்பது வேறு விஷயம். பதிவு செய்த ஓராண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதன் பிறகு 15 ஆண்டுவரை தாமதக் கட்டணத்தோடு. சேர்க்கும் நாளில் தமிழ், ஆங்கிலம் இரண்டு எழுத்துக்கூட்டலையும் திரையில் காட்டச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை, எண்கணிதம் சரியில்லை என்று பிறகு வேறு பெயர் கேட்டால் அது பிழைத் திருத்தத்தில் சேராது.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் போன்றவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். எனவே தள்ளிப்போடாதீர்கள்.

திருத்திய சான்றிதழ் கையில் வந்தாலும் பள்ளியின் எமிஸ் பதிவு (கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவு), குடும்ப அட்டை, ஆதார், பாஸ்போர்ட் எதுவும் தானாக மாறாது. ஒவ்வொன்றுக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வரிசையும் முக்கியம். ஆதாரில் பிறந்த தேதியை ஒரே ஒரு முறைதான் வழக்கமான முறையில் மாற்ற முடியும், பெயரை இரண்டு முறை. பிறப்புப் பதிவு சரியாகும் முன் ஆதாரைத் தொட்டால் அந்த வாய்ப்பு தப்பான தேதிக்கே செலவாகிவிடும்.