ஐவிக் கப்பல் மாடல்: பின்தளத்து வேலை

உடற்பகுதி ஒருவழியாக முடிந்து, பின்தளத்துக்கு வந்துவிட்டேன். அளவு 1:200. நிஜ ஐவிக் சுமார் 110 மீட்டர் நீளம், மாடல் 55 செ.மீ. முழுக்க சன்போர்டுதான் (பிளாஸ்டிக் நுரைப் பலகை). உப்புத்தாள் போட்டு இழைத்ததில் வீடெல்லாம் வெள்ளைத் தூள். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

கடலில் எண்ணெய் தோண்டும் மேடைகளை இழுப்பதும், அவற்றின் நங்கூரங்களைப் போட்டு எடுப்பதும் இந்த வகைக் கப்பலின் பிழைப்பு. அதனால் பின்பக்கம்தான் பார்க்க வேண்டிய இடம். விளிம்பில் இழுவைக் கம்பி உரசாமல் ஏறி இறங்க ஸ்டெர்ன் ரோலர் என்ற உருளை. எனக்கு அது பால்பாயின்ட் பேனாக் குழாய், கையால் தள்ளினால் சுற்றுகிறது. அதற்கு முன்னால் கம்பியைப் பக்கவாட்டில் ஓடவிடாத டோ பின்கள், பிடித்து நிறுத்தும் ஷார்க் ஜா. நிஜத்தில் இவை தளத்துக்குள் இறங்கிவிடும். என்னுடையவை குண்டூசித் துண்டுகள், நின்றது நின்றபடிதான்.

அதிக நேரம் தின்றது வின்ச், அதாவது இந்தக் கம்பியைச் சுற்றி இழுக்கும் இயந்திரம். மின்சார ஒயரில் உருவிய செம்பு இழைகளை முறுக்கி, கண்ணாடித் துண்டுக்கடியில் உருட்டி, கறுப்பு மார்க்கர் தடவினேன். அப்புறம் சாமணத்தால் பிடித்து, சுற்றுக்குச் சுற்று இடைவெளி விடாமல் டிரம்மில் சுற்ற வேண்டும். கழுத்து போய்விட்டது.

ஷெல் நிறுவனத்தின் ஆர்க்டிக் வேலைக்காக லூசியானாவில் கட்டப்பட்டு 2012-இல் வந்த கப்பல் இது. அதே டிசம்பரில் குல்லுக் என்ற மேடையை அலாஸ்கா கடலில் இழுத்துப் போகும்போது இழுவைக் கம்பியை இணைத்த இரும்புக் கொளுவி (ஷேக்கிள்) விட்டுப்போனது. மறுநாள் ஐவிக்கின் நான்கு எஞ்சின்களும் நின்றன. 31-ஆம் தேதி குல்லுக் கரை தட்டியது. அதற்கு முன்பே மேடையிலிருந்த 18 பேரை அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரில் மீட்டது. 2021-22-இல் இதே ஐவிக் அண்டார்டிகாவின் ஆஸ்திரேலிய நிலையங்களுக்குச் சரக்கு கொண்டுபோனது. கடைசியில் 2024-இல் அதே காவல்படையே 12.5 கோடி டாலருக்கு வாங்கி, ஸ்டோரிஸ் என்று பெயர் மாற்றி, 2025 ஆகஸ்டில் அலாஸ்காவின் ஜூனோவில் பணியில் சேர்த்தது. எதற்காக வந்ததோ அந்த வேலையில்தான் பெயர் கெட்டது. பிழைத்தது பனி உடைக்கும் உடம்பால்.

ஸ்டோரிஸின் சிவப்பு அழகுதான். ஆனால் இவ்வளவு பாடுபட்டுச் சுற்றிய வின்ச்சுக்குப் பழைய நீலம்தான் நியாயம் என்று முடிவு செய்துவிட்டேன். மழை ஈரத்தில் ஸ்பிரே அடித்தால் பெயின்ட் வெளிறும், வெயில் வரட்டும். அதுவரை ஹெலிகாப்டர் தளத்துக்குக் கொசுவலை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.