கொருக்குப்பேட்டையிலிருந்து பழவேற்காடு

17 ஜனவரி 2025, வெள்ளி

பொங்கல் லீவுக்கு அக்கா மகன் வந்திருக்கிறான். ஏழாவது படிக்கிறான். புவியியல் பாடத்தில் டெல்டா வந்ததாம், அதைப் பார்த்தே ஆகணும் என்று ஒரே நச்சரிப்பு. தஞ்சாவூர்ப் பக்கம் போய் அன்றைக்கே திரும்புவது நடக்கிற காரியமா? ஞாயிற்றுக்கிழமை வடக்கே பழவேற்காடு ஏரிக்குப் போகலாம் என்றேன். அங்கே டெல்டா கிடையாது. ஏன் கிடையாது என்று காட்டலாம், அதுவும் பாடம்தானே. அம்மாவும் வருகிறாள். பாடத்துக்காக இல்லை, இறாலுக்காக.

19 ஜனவரி, ஞாயிறு

காலையில் கும்மிடிப்பூண்டி வண்டி. எண்ணூர் தாண்டும்போது பையனை ஜன்னலோரம் உட்கார வைத்தேன். இருபக்கமும் தண்ணீர் விரிகிற அந்த இடம்தான் கொசஸ்தலை ஆறு. பூண்டி ஏரியில் திறந்துவிடும் உபரி நீர் இந்த வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. சுற்றிலும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், சாம்பல் படிந்த உப்பங்கழி, மின்கோபுரங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவும் வந்து படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது இங்கேதான்.

"இதுவும் ஆறு கடல்ல சேர்ற இடமா மாமா?"

"நம்ம ஊர் ஆறு சேர்ற இடம் இதுதாண்டா."

பழவேற்காட்டை மட்டும் பார்த்துவிட்டு அழகு என்று படம் போடுகிறவர்கள் இந்தப் பாலத்தையும் ஒருமுறை கண் திறந்து கடக்க வேண்டும்.

பொன்னேரியில் இறங்கி பஸ். டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் இன்று பார்க்க ஒன்றும் இல்லை. அவர்களுடைய கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்து அம்மா, "வேற எதுவும் கிடைக்கலையா இவங்களுக்கு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்புறம் ஏரி. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி, பெரும்பகுதி ஆந்திராவில். நம் பக்கம் ஆரணி ஆறு வந்து விழுகிறது. பாலத்தருகே வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு அண்ணனிடம் படகு கேட்டோம்.

"ஏத்த மாட்டோம் தம்பி. 2011-ல கிறிஸ்மஸ் அன்னிக்கு படகு கவுந்து 22 பேர் போயிட்டாங்க. அதுலேர்ந்து சுத்திப் பாக்கறதுக்கெல்லாம் படகு கிடையாது."

பையன் விடவில்லை, டெல்டா ஏன் இல்லை என்று அவரிடமே கேட்டுவிட்டான். அவர் சிரித்தார். "ஆறு கொண்டாற மண்ண விட கடல் தள்ளற மண்ணு அதிகம் கண்ணு. கரையோரமா நீரோட்டம் மண்ண இழுத்தாந்து வாய அடைச்சிடும். பெருமழை வந்தா உடைச்சிக்கும். திரும்ப அடைச்சிக்கும்."

காவிரி கிளை பிரிந்து மண்ணைப் பரப்பியது. இங்கே கடல் மணல்திட்டுப் போட்டு மறித்ததால் உள்ளே ஏரி தேங்கியது. என்னுடைய வாத்தியார் இவ்வளவு தெளிவாகச் சொன்னதாக நினைவில்லை.

வாய் அடைபட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று அம்மா கேட்டாள். இறால் கடலில்தான் முட்டையிடும். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்பும். வழி தூர்ந்தால் ஏரியில் இறால் வரத்தே குறைந்துவிடும். இருக்கிற இறாலுக்கும் சண்டை வராமல் இருக்கத்தான் 'பாடு' என்ற முறை: எந்த இடத்தில் எந்த நாள் யார் வலை கட்டுவது என்று ஊரே முறை வைத்துக்கொள்வது. வெகுகாலமாக நடக்கிறது. இந்தப் 'பாடு' முறையில் பங்கில்லாதவர்களுக்கு அதில் வருத்தமும் உண்டு என்று அந்த வலைக்கார அண்ணனே சொன்னார்.

பூநாரை பார்க்க ஷேர் ஆட்டோவில் அண்ணாமலைச்சேரி போனோம். ரொம்ப தூரத்தில் நின்றன. பையனுக்கு ஏமாற்றம். அம்மா இறால் வாங்கிவிட்டாள், அவளுக்கு நாள் முடிந்தது.

20 ஜனவரி, திங்கள்

இறால் தொக்கு. சாப்பிடும்போது பேச்சு நம் கால்வாய்க்குப் போனது. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டி, பிறகு பழவேற்காட்டு ஏரி வரை நீட்டிய பக்கிங்காம் கால்வாய்தான் நம் பேட்டைக்குப் பக்கத்தில் கறுப்பாகக் கிடக்கிறது. 1876–78 பஞ்சத்தில் கூலிவேலை கொடுப்பதற்காகத் தெற்கே அடையாறு வரை இணைத்தார்கள். விறகுப் படகு அதில் வந்ததை அம்மாவுடைய அப்பா பார்த்திருக்கிறாராம். பையன் நம்பவில்லை. "அந்த சாக்கடையிலயா?"

29 ஜனவரி, புதன்

காலை 6.23-க்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 100-ஆவது ராக்கெட், ஜி.எஸ்.எல்.வி. தெருவே மொட்டைமாடியில். பையன் ஊருக்குப் போய்விட்டான், போனில் கத்துகிறான், தெரியுதா தெரியுதா என்று. ராக்கெட் விடும் நாளில் பழவேற்காட்டுக் குப்பங்களில் கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அம்மா கைதட்டிவிட்டு, அவர்களுக்கு இன்றைய கூலியை யார் கொடுப்பார்கள் என்று கேட்டாள். பக்கத்து மாடிக்காரர் அதற்கும் ஜி.எஸ்.எல்.வி. பற்றியே பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.