பட்டியலை வாங்கும் மெத்தடை மாக் செய்தபோது

நிலுவையிலுள்ள ஆர்டர்களைத் திரட்டித் தொகுதி தொகுதியாகச் சேமிக்கும் ஒரு ஜாவா கிளாஸுக்கு யூனிட் டெஸ்ட் (ஒரு பகுதியைத் தனியே சோதிக்கும் நிரல்) எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. அது, தரவைச் சேமிக்கும் பகுதியான ரெப்பாசிட்டரியின் ‘சேவ்ஆல்’ மெத்தடுக்கு ஆர்டர் வகை லிஸ்ட் ஒன்றை அனுப்பும். எத்தனை சேமிக்கப்பட்டன என்ற எண் திரும்பி வரும். ரெப்பாசிட்டரியை மாக்கிட்டோ என்ற டெஸ்ட் நூலகத்தால் மாக் செய்து (அதன் இடத்தில் ஒரு போலியை வைத்து), ஆர்க்யுமென்ட் இருக்கும் இடத்தில், வரும் மதிப்பு பொருந்துகிறதா என்று பார்க்கும் ‘எனி’ மேட்சரைப் போட்டு, அதற்குள் லிஸ்ட் கிளாஸைக் கொடுத்தேன். டெஸ்ட் ஓடியது, ஆனால் ‘அன்செக்டு’ (வகை சரிபார்க்கப்படவில்லை) என்ற எச்சரிக்கையைக் கம்பைலர் விடாமல் காட்டியது. எச்சரிக்கையை அடக்கும் அனோட்டேஷனை (நிரலில் இடும் குறிப்பை) மேலே எழுதிவிட்டு நகர்ந்தேன். அதை அன்றே விசாரித்திருக்க வேண்டும்.

2004-இல் ஜாவா 5-உடன், லிஸ்டின் உறுப்பு வகையைக் குறிப்பிட உதவும் ஜெனரிக்ஸ் வந்தபோது, பழைய நிரல்களோடு ஒத்துப்போவதற்காக ‘டைப் இரேஷர்’ என்ற வழியைத் தேர்ந்தெடுத்தார்கள். அதன்படி உறுப்பின் வகையைக் கம்பைலர் மட்டுமே அறியும். நிரல் ஓடும்போது ஆர்டர் லிஸ்டும் ஸ்ட்ரிங் லிஸ்டும் வெறும் லிஸ்டுகளே. எனவே ஆர்டர் லிஸ்டுக்கென்று தனி கிளாஸ் லிட்டரலை (கிளாஸையே மதிப்பாகக் குறிக்கும் சொல்லை) எழுதவே முடியாது. நான் கொடுத்தது வகையற்ற லிஸ்ட் என்பதால்தான் அந்த எச்சரிக்கை. எந்த லிஸ்டையும் ஏற்கும் ‘எனிலிஸ்ட்’ மேட்சருக்கு மாற்றினேன். மாக்கிட்டோ 1-இல் அதுவும் வகையற்ற லிஸ்டையே தந்தது; 2-க்கு மாறிய பிறகுதான் எச்சரிக்கை மறைந்தது. ஜாவா 8 முதல், மெத்தட் எதிர்பார்க்கும் வகையைப் பார்த்துக் கம்பைலரே உறுப்பின் வகையை ஊகித்துக்கொள்கிறது. அதற்கு முன்பு, மேட்சரின் பெயருக்கு முன்னால் வகையை நாமே கோண அடைப்புக்குள் எழுத வேண்டியிருந்தது.

அப்படி மாக்கிட்டோ 1-லிருந்து 2-க்கு மாறியபோது சில டெஸ்டுகள் விழுந்தன. எண் வர வேண்டிய இடத்தில் 0 வந்தது. பழைய பதிப்பில் ‘எனிலிஸ்ட்’ நல்லையும் (மதிப்பே இல்லாத நிலையையும்) ஏற்றுக்கொண்டது, புதியது ஏற்பதில்லை. ஸ்டப் (மாக் எதைத் திருப்ப வேண்டும் என்று நாம் முன்பே சொல்லி வைப்பது) பொருந்தாதபோது மாக் தன் இயல்பு மதிப்பான 0-வைத் திருப்பிவிடுகிறது. ஆர்டர் எதுவும் இல்லாதபோது எங்கள் நிரல் நல்லை அனுப்பிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. மேட்சரைத் தளர்த்தாமல், காலி லிஸ்டை அனுப்பும்படி நிரலையே திருத்தினேன்.

இவ்வளவுக்குப் பிறகும், ரத்தான ஆர்டர்களும் சேமிக்கப்படுகின்றன என்ற புகார் வந்தது. டெஸ்டுகளோ அனைத்தும் பச்சை. வந்தது ஒரு லிஸ்ட் என்பதை மட்டுமே ‘எனிலிஸ்ட்’ உறுதி செய்கிறது, உள்ளே இருப்பதைப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உறைத்தது அப்போதுதான். ‘கேப்டர்’ அனோட்டேஷனுடன், ஆர்டர் லிஸ்டைப் பிடிக்கும் ஆர்க்யுமென்ட் கேப்டர் ஒன்றை ஃபீல்டாக அறிவித்தேன். இவ்வாறு செய்தால் வகை முழுமையாக நிற்கிறது, எச்சரிக்கையும் வருவதில்லை.

உள்ளே 3 ஆர்டர்கள் சென்றிருந்தன. கேப்டர் காட்டியதோ காலி லிஸ்ட். நீண்ட நேரம் என்னைத் திணறடித்தது இந்த இடம்தான். வரி வரியாகப் பின்தொடர்ந்தபோது, ‘சேவ்ஆல்’ அழைப்புக்கு அடுத்த வரியிலேயே, அடுத்த தொகுதிக்காக அதே லிஸ்டைத் துடைக்கும் ‘கிளியர்’ இருந்ததைக் கண்டேன். கேப்டர் லிஸ்டை நகலெடுப்பதில்லை, அதன் ரெஃபரன்ஸை (அதைச் சுட்டும் குறியை) மட்டுமே வைத்துக்கொள்கிறது. நான் திறந்து பார்க்கும் நேரத்தில் உள்ளடக்கம் போய்விட்டிருந்தது. அழைப்பு நடந்ததா என்று சரிபார்க்கும் ‘வெரிஃபை’யில், உள்ளடக்கத்தைச் சோதிக்கும் ‘ஆர்க்தட்’ மேட்சரைப் போட்டாலும் கதி இதுவே, ஏனெனில் அதுவும் அழைப்பெல்லாம் முடிந்த பிறகுதான் பார்க்கிறது.

ஆகவே ஸ்டப்பில் ‘தென்ஆன்ஸர்’ வைத்து, அழைப்பு நிகழும் அந்தக் கணத்திலேயே லிஸ்டைப் புதிய அர்ரேலிஸ்ட் ஒன்றில் நகலெடுத்துக்கொண்டேன். ரெப்பாசிட்டரி அந்த லிஸ்டைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை என்பதால், நிரலில் நகலெடுக்க வேண்டிய தேவை இல்லை. நகல் டெஸ்டில் இருப்பதே பொருத்தம் என்று கருதினேன். இம்முறை டெஸ்ட் விழுந்தது: 2 ஆர்டர்களை எதிர்பார்த்த இடத்தில் 3 இருந்தன, மூன்றாவது ரத்தானது. வடிகட்டும் வரியை நிரலில் சேர்த்து, டெஸ்ட் பச்சையானதும், எச்சரிக்கையை அடக்க முதல் நாள் எழுதிய அந்த அனோட்டேஷனையும் நீக்கினேன்.